குறையும் லாபமும் குறையாத பற்றும்

(மேற்குத் தாம்பரத்தில் நடைபெற்ற ஸ்வாத்யாயக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)

 

வினைகளை வென்று வீடுபேறு எய்திய அருகப்பெருமானின் திருவடித் தாமரைகளை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்கு வியப்பளிக்கலாம். தத்துவம் ஏழையும் திரவியம் ஆறையும் விளக்க வேண்டிய இடத்தில் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கருதக்கூடும். சென்ற மாதம் பூசை முடிந்து வெளியே வந்து, செருப்பை அணிந்துகொள்ளும் இடத்தில் நம்மவர் ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒருவர், "இந்தக் காலாண்டில் லாபம் குறைந்துவிட்டதாம், பங்கு சரிந்துவிட்டது" என்றார். மற்றவர், "விற்றுவிடலாமா, பொறுக்கலாமா?" என்று கேட்டார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் தலை குனிந்து நின்றார். அவர் முகத்தில் இருந்த வாட்டத்தைக் கண்ட பிறகுதான் இப்பொருளைப் பற்றிப் பேசியே தீரவேண்டும் என்று முடிவு செய்தேன். அறம் என்பது மனம் அலையும் இடத்திற்கே வந்து உதவ வேண்டும். நம் மனம் இன்று அங்கே அலைகிறது.

களத்துமேட்டிலிருந்து காலாண்டுக்கு

நம் முன்னோர் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், திண்டிவனம் ஆகிய பகுதிகளின் கிராமங்களில் உழுது வாழ்ந்தவர்கள். இரண்டு நயினார்கள் சந்தித்தால், "காணிக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்றே நலம் விசாரித்துக்கொள்வார்கள். மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். குறைந்ததைக் கண்ணால் காணலாம், கையால் அளக்கலாம்.

அவர்களுடைய மக்களாகிய நாம் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஊரைவிட்டுத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று வந்து குடியேறினோம். ஆசிரியர்களாகவும், அரசு ஊழியர்களாகவும், வங்கிப் பணியாளர்களாகவும் சம்பளத்தில் வாழப் பழகினோம். முதலில் அஞ்சலகத்திலும் வங்கியிலும் சேமித்தோம். நம் பிள்ளைகள் மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்ற பிறகு பரஸ்பர நிதியும் பங்குகளும் வீட்டிற்குள் வந்தன. இப்பொழுது கைப்பேசியிலேயே வாங்குகிறோம், விற்கிறோம். களத்துமேடு கண்ணுக்கு மறைந்துவிட்டது; விளைச்சல் மட்டும் எண்ணாக வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத களத்தில் விளைச்சல் குறைந்தால் மனம் கூடுதலாகக் கலங்குகிறது. ஆகையால் முதலில் அந்தக் களம் எப்படிப்பட்டது என்று அறிவோம். நற்காட்சிக்குத் துணையாக நல்ஞானம் வேண்டும் என்பதே நம் சமயத்தின் கொள்கை.

விலை ஏன் லாபத்தைவிட வேகமாகச் சரிகிறது?

பங்கு என்பது ஒரு தொழிலின் உடைமையில் ஒரு சிறு துண்டு. அந்தத் தொழில் ஈட்டும் லாபத்தில் அத்துண்டிற்கும் உரிமை உண்டு. லாபத்தின் ஒரு பகுதியை நிறுவனம் ஈவுத்தொகையாகத் தரும். மீதியைத் தொழிலிலேயே போடும். ஆனால், பங்கின் விலை இன்றைய லாபத்தை மட்டும் வைத்து அமைவதில்லை. வரும் ஆண்டுகளில் லாபம் எப்படி வளரும் என்ற எதிர்பார்ப்பும் அதில் கலந்திருக்கிறது.

ஓர் எளிய கணக்கைக் கேளுங்கள். ஒரு பங்கிற்கு ஆண்டு லாபம் 10 ரூபாய் என்று கொள்வோம். அது நன்றாக வளரும் என்று நம்பிச் சந்தை அதைப்போல் 20 மடங்கு விலை கொடுக்கிறது. விலை 200 ரூபாய். அடுத்த ஆண்டு லாபம் 8 ரூபாயாகக் குறைகிறது. உடனே நம்பிக்கையும் குறைகிறது. இனி 15 மடங்குதான் தருவோம் என்கிறது சந்தை. விலை 120 ரூபாய். லாபம் குறைந்தது நூற்றுக்கு 20. விலை குறைந்ததோ நூற்றுக்கு 40. அந்த இரண்டாவது 20, மனிதர் மனத்தில் நிகழ்ந்த குறைவு.

சில வேளைகளில் லாபம் குறையாமலேயே விலை வீழும். 2003 ஏப்ரல் 10 அன்று இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. அதன் லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடியே இருந்தது. ஆனால், அடுத்த ஆண்டு வளர்ச்சி பற்றி அந்நிறுவனம் கூறிய மதிப்பீடு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் கால் பங்கிற்கு மேல் போய்விட்டது. நிறுவனத்தில் ஒரு நாற்காலியும் குறையவில்லை. ஆசையின் அளவு மட்டுமே குறைந்தது. பின்னர் அந்நிறுவனம் பல மடங்கு வளர்ந்தது என்பதையும் நாம் அறிவோம்.

எண்ணூரில் நின்ற சக்கரங்கள்

நம் சென்னைக்குரிய ஓர் எடுத்துக்காட்டையே பார்ப்போம். 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட் நிறுவனத்தின் லாரிகளையும் பேருந்துகளையும் அறியாதவர் யார்? நம்மில் பலரும் ஊருக்குச் செல்வதே அதன் பேருந்தில்தான்.

2018 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் பங்கு 160 ரூபாய்க்கு மேல் விற்றது. அவ்வாண்டு ஜூலையில், ஒவ்வொரு லாரியும் ஏற்றிச் செல்லத்தக்க எடையின் அளவை மத்திய அரசு நூற்றுக்கு 20 முதல் 25 வரை உயர்த்தியது. முன்பு ஐந்து லாரிகள் சுமந்த சரக்கை நான்கு லாரிகளே சுமக்கலாம் என்றாயிற்று. புதிய லாரி வாங்க வேண்டிய தேவை குறைந்தது. செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தர இயலாமல் நின்றது. அதனால் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் பணம் கிடைப்பது அரிதாயிற்று. லாரி வாங்குவோருக்குக் கடன் கொடுப்பது சுருங்கியது. 2020 ஏப்ரல் முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வரவிருந்தமையால் வாங்குவோர் மேலும் தயங்கினர். நாட்டின் பொருளாதாரமும் மந்தமாயிற்று.

விளைவு என்ன? 2019 செப்டம்பரில் எண்ணூர்த் தொழிற்சாலைக்கு 16 நாட்கள் வேலையில்லா நாட்களாக அறிவிக்கப்பட்டன. செப்டம்பரில் முடிந்த அக்காலாண்டில் நிறுவனத்தின் லாபம் சுமார் 39 கோடி ரூபாய்; முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அது சுமார் 460 கோடி.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். அந்த 39 கோடி என்ற எண் ஊரறிய வெளிவந்தது 2019 நவம்பரில். ஆனால், பங்கு விலை 60 ரூபாய்க்கும் கீழே சென்றது ஆகஸ்டிலேயே. அறுவடைக்கு முன்பே பயிரின் நிறத்தைப் பார்த்து வியாபாரி விலையைக் குறைத்துவிட்டான். செய்தித்தாளில் படித்த பிறகு விற்க ஓடுபவர், பெரும்பாலும் எல்லாரும் விற்று முடித்த விலையில்தான் விற்கிறார். அடுத்து வந்த பெருந்தொற்றில், 2020 மார்ச்சில், அதே பங்கு 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2022ஆம் ஆண்டில் மீண்டும் 160 ரூபாயைக் கடந்தது.

இடையில் பயந்து விற்றவர் இழந்தார். பொறுத்திருந்தவர் மீண்டார். ஆனால், பொறுத்திருக்க எல்லாராலும் முடிந்ததா? கடன் வாங்கிப் போட்டவரால் முடியவில்லை. மகள் திருமணத்திற்கு வைத்திருந்த பணத்தைப் போட்டவராலும் முடியவில்லை. பொறுமை என்பது குணம் மட்டுமே அன்று. அளவோடு இருப்பவருக்கே அது வாய்க்கிறது. இனி அறநூலுக்கு வருவோம்.

சமந்தபத்திரர் கண்ட ஐந்து வழுக்கள்

இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்கள் ஐந்தில் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்று வடமொழியில் கூறுவர். "எனக்கு இவ்வளவு போதும்" என்று தானே ஓர் எல்லை கட்டி, அதற்கு மேற்பட்டதில் ஆசையை விடுதல் இதன் பொருள். முனிவருக்குச் சொன்னதுபோல் அனைத்தையும் துறக்கும்படி இல்லறத்தாருக்கு ஆசாரியர்கள் சொல்லவில்லை. வேலி கட்டிக்கொள்ளுங்கள் என்றே சொன்னார்கள்.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து வழுக்களைக் காட்டுகிறார். அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம் என்பன அவை. உரையாசிரியர்கள் இவற்றை மாட்டையும் வண்டியையும் தானியத்தையும் கொண்டு விளக்கினார்கள். அவ்விளக்கத்தை இன்று படித்தால், பங்குச் சந்தையை அருகிருந்து பார்த்து எழுதியது போலவே தோன்றுகிறது.

அதிவாகனம் என்பது, மாடு இன்பமாகச் செல்லக்கூடிய தூரத்திற்கும் மேலாக அதனை ஓட்டுதல். ஒரு தொழில் தன் இயல்பில் வளரும் வேகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு காலாண்டிலும் கூடுதல் லாபம் காட்டியே ஆகவேண்டும் என்று பங்குதாரர்கள் விரட்டும்போது, அந்த விரட்டல் இறுதியில் தொழிலாளியின் முதுகில் விழுகிறது. லாபம் குறைந்தது என்றவுடன் ஆட்குறைப்புச் செய்தி வருகிறது. அச்செய்தி கேட்டுப் பங்கு விலை ஏறினால் நாம் மகிழ்கிறோம். அந்த ஆட்குறைப்பில் பெருங்களத்தூரிலோ மறைமலைநகரிலோ ஒரு வீட்டில் அடுப்பு அணையுமே என்று எண்ணிப் பார்க்கிறோமா?

அதிசங்கிரகம் என்பது, இத்தானியம் பின்னால் மிகுந்த லாபம் தரும் என்ற ஆசையால் அளவின்றி வாங்கிக் குவித்தல். எல்லாச் சேமிப்பையும் ஒரே பங்கில் கொட்டுவது இதுவே. ஒரே குதிரில் எல்லா நெல்லையும் கொட்டினால் ஒரு புழுவே போதும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும்.

அதிவிஸ்மயம் என்பது நுட்பமானது. தான் ஒரு லாபத்திற்கு விற்ற சரக்கைப் பிறர் வைத்திருந்து அதிக லாபம் பெற்றால், அது கண்டு மனம் நொந்து போதல். தனக்கு நட்டம் ஒன்றும் இல்லை, ஆயினும் துயரம். "நான் விற்றதும் ஏறிவிட்டதே!" என்று எத்தனை பேர் இரவில் உறங்காமல் இருக்கிறார்கள்!

அதிலோபம் என்பது, எண்ணிய லாபம் கைக்கு வந்த பிறகும் இன்னும் வேண்டும் என்று தவித்தல். 200 ரூபாய் வந்தால் விற்பேன் என்றவர், 200 வந்ததும் 250 என்கிறார்.

அதிபாரவாகனம் என்பது தாங்க முடியாத சுமையை ஏற்றுதல். இன்று இது கடன் வாங்கிப் பங்கு வாங்குவதும், முன்பேர வணிகத்தில் இறங்குவதும் ஆகும். சிறு தொகையை முன்பணமாக வைத்துப் பெருந்தொகைக்குப் பேரம் பேசும் அவ்வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிமனிதர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்றும், அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதனை முதலீடு என்று அழைப்பது பொருந்தாது. சூதினை ஏழு வியசனங்களுள் முதலாவதாக வைத்த நம் ஆசாரியர்கள் இதற்கு வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

சத்தியம் என்ற பெயரில்

லாபம் குறைவது குற்றமா? இல்லை. பருவமழைபோல் தொழிலுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. குறைந்ததை மறைப்பதே குற்றம். இதற்குப் பெரிய சான்று ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கில் பொய் எழுதி வந்ததாகத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதற்கு முந்தைய செப்டம்பர்க் காலாண்டில் செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 61 கோடி மட்டுமே. அன்று காலை வரை 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு, மாலையில் 40 ரூபாய்க்கு வந்தது.

தொடக்கத்தில் உண்மை லாபத்திற்கும் எழுதிய லாபத்திற்கும் இடையிலிருந்த இடைவெளி சிறியதே என்று அக்கடிதம் கூறுகிறது. ஆண்டுதோறும் அதனை மறைக்க மறைக்க அது வளர்ந்துகொண்டே போயிற்று. வாய்மை என்னும் அணுவிரதத்தின் வழுக்களுள் கூடலேகக் கிரியை என்று ஒன்று உண்டு. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். நாவால் ஒரு பொய் சொன்னால் கேட்டவர் ஒருவர் ஏமாறுவார். ஏட்டில் எழுதிய பொய்யால் முகம் தெரியாத இலட்சக்கணக்கானோர் ஏமாந்தனர். பெயரில் சத்தியம் இருந்தும் கணக்கில் சத்தியம் இல்லாமல் போனது. நம் பிள்ளைகளில் பலர் கணக்காயர்களாகவும் தணிக்கையாளர்களாகவும் இருக்கிறார்கள். குறைந்த லாபத்தைக் குறைந்ததென்றே எழுதும் துணிவு அவர்களுக்குரிய விரதம் என்று நான் கருதுகிறேன்.

என் சொந்தப் பிழை

இதுவரை பிறர் கதைகளைச் சொன்னேன். என் கதையைச் சொல்லாமல் அமர்ந்தால் இவ்வுரைக்கு மதிப்பில்லை.

என் தமக்கையார் பெருங்களத்தூரில் இருக்கிறார். அவருடைய கணவர் காலமானபின் அலுவலகத்திலிருந்து ஒரு தொகை வந்தது. அதில் ஒரு பகுதியை ஊரிலுள்ள ஜினாலயத் திருப்பணிக்கும், மீதியைப் பேரன் படிப்பிற்கும் என்று அவர் எண்ணியிருந்தார். வங்கியில் வைப்பதாகச் சொன்னார். நான்தான், "வங்கி வட்டி என்ன அக்கா வட்டி? இந்தப் பங்கை வாங்கிப் போடுவோம், மூன்றாண்டில் இரட்டிப்பாகும்" என்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதன்மேல் எனக்குக் குறையில்லை. ஓராண்டில் அதன் லாபம் குறைந்தது. பங்கு பாதி விலைக்கு வந்தது.

அவரிடம் சென்று, சந்தை இப்படி, காலாண்டு இப்படி என்று நீட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதெல்லாம் சரி தம்பி, திருப்பணிக்குத் தருவதாகச் சொன்னேனே, அவர்களுக்கு என்ன சொல்வேன்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை இல்லை. அன்று வந்தவன், நான்கு மாதங்கள் அவர் வீட்டுப்பக்கம் போகவில்லை. சேலையூருக்கும் பெருங்களத்தூருக்கும் எவ்வளவு தூரம்? தாம்பரத்திலிருந்து அடுத்த இரயில் நிலையம். அவ்வளவு தூரத்தைக் கடக்க என் கால் எழவில்லை. காலையில் சாமாயிகத்தில் அமர்ந்தால் விரல் மணியை உருட்டும். மனம் அன்றைய விலையை உருட்டும்.

தசலட்சணப் பருவம் முடிந்து க்ஷமாவணி நாள் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். வீட்டு வாசலில் வந்து நின்றவர் அவர். "பணம் போனது உன் குற்றமில்லை தம்பி. நீ வராமல் இருந்தாயே, அதுதான் குற்றம்" என்றார். அன்று நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பின்னர் என் பிழை எது என்று ஆராய்ந்தேன். நான் பொய் சொல்லவில்லை, நம்பியதைத்தான் சொன்னேன். ஆனால், எவருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் உறுதியாகச் சொன்னேன். வரும் ஆண்டின் லாபம் கேவல ஞானிக்கே தெளிவாகத் தெரியும். அநேகாந்தம் பேசும் நாவால், "இரட்டிப்பாகும்" என்று ஒரே முடிவாகச் சொன்னதே என் ஏகாந்தம். இன்னொன்றும் உண்டு. அவருக்கு உதவும் எண்ணத்தோடு, என் அறிவை அவர் மெச்ச வேண்டும் என்ற மானக் கஷாயமும் கலந்திருந்தது. அதன்பின் திருப்பணிக்குரிய தொகையை மாதந்தோறும் என் ஓய்வூதியத்திலிருந்து சிறிது சிறிதாகக் கட்டி முடித்தேன். அப்பங்கை இன்றுவரை விற்கவில்லை. அதன் விலையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மனத்தில் ஓடும் தியானம்

அன்பர்களே, பங்கு விலை குறைவதால் வரும் பொருள் நட்டம் ஒன்று. அதனால் வரும் வினைக்கட்டு மற்றொன்று. விரும்பிய பொருள் பிரிந்தபோது அதையே எண்ணி ஏங்குதல் இஷ்ட வியோகம். விரும்பாதது வந்து சேர்ந்தபோது அது நீங்கவேண்டுமே என்று தவித்தல் அநிஷ்ட சம்யோகம். இவை இரண்டும் ஆர்த்த தியானத்தின் வகைகள். சேர்த்த பொருளைக் காக்கவேண்டும் என்ற வெறியில் மனம் கொதித்தல் ரௌத்திர தியானம். சந்தை மாலை மூன்றரை மணிக்கு மூடிவிடுகிறது. மனத்தில் திறந்த கடை நள்ளிரவிலும் மூடவில்லை என்றால், நட்டம் ரூபாயில் மட்டும் இல்லை.

இதற்கு மருந்து அநித்திய பாவனை. அதனைப் பயில்வதற்கு நூல்களைத் தேட வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையே போதும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே, ஆங்கிலேயர் காலத்தில் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. உயிர்க்கொலையைச் சார்ந்த தொழில் அது. ஆலையின் நாட்கள் முடிந்துவிட்டன. பெயர் மட்டும் இரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கார்கள் செய்தது. அதன் ஹெரால்டு காரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. எரிபொருளை மிகுதியாகக் குடித்த அக்கார் விலைபோகவில்லை. 1988இல் உற்பத்தியே நின்றது. இன்னும் தெற்கே மறைமலைநகரில், அமெரிக்க ஃபோர்டு நிறுவனம் நட்டத்தின் காரணமாக 2021 செப்டம்பரில் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. மறு ஆண்டு கடைசிக் கார் வெளிவந்தது. அசோக் லேலண்ட் மீண்டது, ஸ்டாண்டர்டு மீளவில்லை. எது மீளும், எது மீளாது என்று முன்கூட்டி எவர் அறிவார்? பர்யாயம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது நிறுவனங்களுக்கும் பொருந்தும் விதி.

சந்தை முழுவதும் ஒருங்கே நடுங்கிய நாளையும் கண்டோம். 2020 மார்ச் 23 அன்று மும்பைக் குறியீட்டெண் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் இழந்து 25,981இல் நின்றது. அவ்வாண்டு முடிவதற்குள் அது 47,000ஐக் கடந்தது. வீழ்ந்த நாளில் உலகம் முடிந்தது என்றவரும், ஏறிய நாளில் இனி இறக்கமே இல்லை என்றவரும் ஒரே மனிதரே. சமபாவம் என்று நாம் சாமாயிகத்தில் சொல்வது, அவ்விரு நாட்களிலும் ஒரே நெஞ்சோடு இருப்பதற்கான பயிற்சி.

நாம் மேற்கொள்ளத்தக்கவை

பங்குகளை வாங்கவே கூடாது என்று நான் கூறவில்லை. நேர்மையான தொழிலுக்குப் பொருள் தந்து, அதன் லாபத்திலும் நட்டத்திலும் பங்கு கொள்வது அறத்திற்கு மாறானதன்று. ஆயினும், விரதியாகிய இல்லறத்தான் சில வேலிகளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அளவு. குடும்பத்தின் ஓராண்டுச் செலவு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், தருமத்திற்கென்று சொல்லிவிட்ட பணம் ஆகியவை சந்தைக்குப் போகக்கூடாது. பாதியாகக் குறைந்தாலும் உறக்கம் கெடாத தொகை எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அவ்வெல்லையை ஒரு நோட்டில் எழுதி, அருகன் திருமுன் வைத்து விரதமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கிப் பங்கு வாங்காமை; முன்பேரச் சூதில் இறங்காமை.

மூன்றாவது, தொழிலின் தன்மை. கொலையும் கள்ளும் தோலும் சார்ந்த தொழிலின் பங்கை வாங்கினால், அத்தொழிலின் வினையில் நாமும் உடன்பட்டவர்களாவோம். அங்கு லாபம் ஏறினாலும் நமக்கு அது நட்டமே. பரஸ்பர நிதியில் பணம் போடுபவர்கள், அந்நிதி எந்தெந்த நிறுவனங்களில் முதலிட்டிருக்கிறது என்ற பட்டியலையும் பார்க்க வேண்டும். அதை மாதந்தோறும் வெளியிடுகிறார்கள்.

நான்காவது, கைம்பெண்கள், முதியோர், உறவினர் ஆகியோரின் பணத்திற்கு ஆலோசனை சொல்லும்போது, "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் அடக்கம். இது நான் விலை கொடுத்துக் கற்றது.

ஐந்தாவது, தானம். லாபம் வந்த ஆண்டில் அதில் ஒரு பகுதியை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு அன்றே ஒதுக்கிவிடுங்கள். கொடுத்த பணத்தை எந்தச் சந்தையும் குறைக்க இயலாது.

பெரியோர்களே, ஒரு குடும்பத்தில் ஒருவர் நட்டப்பட்டுவிட்டால் மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவரைக் குத்திக்காட்டாதீர்கள்; அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். பணத்தை இழந்தவர் முதலில் இழப்பது முகத்தை. அந்த முகத்தை மீட்டுத் தருவதற்கு உறவினரால் மட்டுமே முடியும். செருப்பு விடும் இடத்தில் தலை குனிந்து நின்றாரே, அந்த அன்பரின் வீட்டிற்கு நாளை மாலை நான் செல்லவிருக்கிறேன். என்னோடு இருவர் வந்தால் மகிழ்வேன்.

பொருள் குறையும், கூடும். நல்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் நம்மிடம் இருக்கும்வரை நாம் வறியவர்களாக மாட்டோம். அவற்றைக் காக்கும் ஆற்றலை நம் அனைவருக்கும் அருக சமயம் அருள்க என்று வேண்டி அமைகிறேன்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜினதருமம் ஓங்குக!